ஒன்றுகலத்தலும் பொருளியல் உயர்வும்: மில்டன் கார்டன் கோட்பாடு - ஒரு திறனாய்வு

மில்டன் கார்டன் 1964இல் வெளியிட்ட 'அமெரிக்க வாழ்வில் ஒன்றுகலத்தல்' எனும் நூல், குடியேறியோர் பெரும்பான்மையினரோடு கலப்பதை ஏழு கூறுகளாகப் பகுக்கின்றது. மொழி, பழக்கவழக்கங்களை ஏற்பது வேறு. பெரும்பான்மையினரின் அமைப்புகளில் இடம்பெறுவது வேறு எனப் பிரித்துக் காட்டியமை அந்நூலின் சிறப்பாகும். எனினும், அவ்வேழனுள் பொருளியல் நிலை தனிக்கூறாக இடம்பெறாமை ஒரு குறையே. கலந்தால் உயர்வு தானே வரும் என்ற எண்ணத்திற்கு இவ்விடைவெளி வழிவிடுகின்றது.

மலாக்கா செட்டிகளின் வரலாறு இவ்வெண்ணத்தை மறுக்கின்றது. சுல்தான்கள் காலத்தில் வணிகராய் வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்தோரின் வழியினர் இவர்கள். மலாயைத் தாய்மொழியாக்கிக் கொண்ட இவர்கள் சைவ வழிபாட்டை விடவில்லை. ஒல்லாந்தர் 1641இல் மலாக்காவைக் கைப்பற்றிய பின்னர் இவர்தம் வணிகம் நலிந்தது. பலர் வேளாண்மைக்கு மாறினர். மொழிக்கலப்பு அவ்வீழ்ச்சியைத் தடுக்கவில்லை. மாறாக, 19ஆம் நூற்றாண்டில் வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், தமிழையும் குலமரபையும் பேணியவாறே வட்டித்தொழிலில் செழித்தனர். குலத்தாரிடையே நிலவிய நம்பிக்கையே அவர்தம் முதலீட்டிற்கு அடித்தளமாயிற்று.

இருசாராரின் காலமும் சூழலும் வேறு என்பது உண்மையே. ஆயினும், உயர்வைத் தீர்மானித்தவை கடனும் சந்தையும் ஆட்சியாளர் கொள்கையுமே என்பது இவ்விரண்டிலும் புலனாகின்றது. தமிழை விட்டால் பிள்ளை முன்னேறும் எனக் கருதும் பெற்றோர்க்குத் தமிழாசிரியர் கூறத்தக்க விடையும் இதுவேயாகும்.