உளுந்தங்களி எவ்வளவு தூரம் போகும்?

கறுப்பு உளுந்தைத் தோலோடு வாசம் வரும்வரை வறுத்து, கால் பங்கு பச்சரிசி சேர்த்துத் திரிக்க வேண்டும். கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைத்து, மண் போக வடிகட்ட வேண்டும். பாகு கொதிக்கும்போது மாவைக் கரைத்து ஊற்றி, கட்டி விழாமல் கிண்டிக்கொண்டே நல்லெண்ணெய் விட வேண்டும். தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். தேனி மாவட்டத்தின் தென்கோடியில், குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் லோயர் கேம்ப் வரைக்கும், பெண்பிள்ளை வயசுக்கு வந்த வீட்டில் இந்தக் களி தவறாது. இடுப்புக்கு வலு, கர்ப்பப்பைக்கு நல்லது என்பார்கள் பெரியவர்கள். அண்மைக் காலத்தில் அதே களியின் தலையில் இன்னொரு வேலையும் ஏறியிருக்கிறது: நீர்க்கட்டியைக் கரைக்க வேண்டுமாம்.

நீர்க்கட்டி என்று ஊரே சொல்வது பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நோய்த்தொகுதியை. மாதவிடாய் தள்ளிப்போகும், முகத்தில் முடி முளைக்கும், பரு விடாது, எடை ஏறும், கரு தங்கத் தாமதமாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாட்டின் பல பகுதிகளில் 18 முதல் 40 வயது வரையுள்ள 9,824 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. 2003ஆம் ஆண்டின் ராட்டர்டாம் அளவுகோல்படி பார்த்தால் அவர்களில் 19.6 சதவீதத்தினருக்கு இந்தத் தொல்லை இருந்தது. பழைய, கறாரான அளவுகோல்படி 7.2 சதவீதம். எந்தக் கோலால் அளந்தாலும் தெருவுக்குச் சிலர் இருப்பார்கள். அப்படியிருக்க, மாத்திரைக்கு முன்னால் அடுப்படியில் வழி தேடுவதில் வியப்பில்லை.

அந்தத் தேடலுக்கு உடலியலும் ஓரளவு துணை நிற்கிறது. பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சுரக்கும், ஆனால் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காது. அதை ஈடுகட்டக் கணையம் இன்னும் சுரக்கும். கூடிப்போன இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. அந்த ஹார்மோனைக் கட்டிப்போடும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்கிறது. விளைவு, முட்டைப்பைகள் பாதி வளர்ச்சியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் முத்து கோத்ததுபோல் தெரிபவை இவைதாம். கரைக்கவோ வெட்டவோ அங்கே கட்டி எதுவும் இல்லை. ஆக, இன்சுலினை மட்டுப்படுத்தும் சாப்பாடு எதுவானாலும் நோயின் வேர்ப்பக்கம் போகிறது என்பது உண்மை. மரபு உணவுக்காரர்களின் வலுவான வாதம் இது. ஆனால் அவர்களில் பலர் இதைச் சொல்வதில்லை, ‘கரைக்கும்’ என்பதைத்தான் சொல்கிறார்கள்.

களிக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஆளுக்கு 50 கிராம் உளுந்து மாவு என்றால் 11, 12 கிராம் புரதம் கிடைக்கும். தோலோடு திரித்தால் நார்ச்சத்தும் உண்டு. காலையில் நாலு இட்லியோடு நிறுத்துகிற பெண்ணுக்கு இது பெரிய வரவு. அதோடு 50 கிராம் கருப்பட்டி சேர்ந்தால் 40 கிராமுக்கு மேல் சர்க்கரை. இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் சுமார் 250 கலோரி. மொத்தம் 600 கலோரியைத் தொடும். கருப்பட்டியில் தாதுக்கள் உண்டு என்பது சரிதான். ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரை, இரத்தத்தில் அது சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும். கருப்பட்டி போட்டால் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை இந்த மரபின் மிகப் பெரிய ஓட்டை.

இந்த 600 கலோரி ஒருகாலத்தில் குற்றமாக இருந்ததில்லை. களை எடுத்து, நாற்று நட்டு, மூன்று வேளை நிறையச் சாப்பிட வழியில்லாத வீட்டின் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்காக உருவான பண்டம் அது. இன்றைக்கும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சரிவு ஏறி இறங்கி, பொழுது சாயத் திரும்புகிற பெண்ணுக்கு அது செரித்துவிடும். அவள் மகள் பேருந்தில் கல்லூரிக்குப் போய், உட்கார்ந்து படித்து, உட்கார்ந்தே செல்போன் பார்க்கிறாள். அம்மாவுக்கு வலுவான கிண்ணம் மகளுக்குச் சுமையாகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். நாலாம் சுற்றில் அது 30.9. அதே ஐந்தாம் சுற்றில் 53.4 சதவீதப் பெண்களுக்கு இரத்தசோகை. எடையும் கூடியிருக்கிறது, சத்தும் குறைந்திருக்கிறது என்கிற இந்த முரணுக்குக் களி பாதி மருந்து, பாதி வினை.

தப்புவதற்கு மரபுக்குள்ளேயே வழி இருக்கிறது. தெற்கத்திப் பக்கம் உளுந்தஞ்சோறு என்று ஒன்று உண்டு. தோல் உளுந்து, அரிசி, தேங்காய், பூண்டு, வெந்தயம் போட்டுக் குழைய வேகவைத்து எள்ளுத் துவையலோடு சாப்பிடுவது. இனிப்பே கிடையாது. அரிசியைக் குறைத்து உளுந்தைக் கூட்டினால் பிசிஓஎஸ்காரருக்கு இதைவிடப் பொருத்தமான உள்ளூர்ச் சாப்பாடு அரிது. காணொளிகளில் இதற்குக் களிக்குள்ள மவுசு இல்லை. பார்க்க அழகாக இல்லாததுதான் காரணமோ என்னவோ.

அடுத்து சிறுதானியம். 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து குதிரைவாலியும் சாமையும் மருந்துக்கடைப் பண்டம்போல விற்கின்றன. ஹைதராபாத்தின் இக்ரிசாட் விஞ்ஞானிகள் 2021இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சிறுதானியங்களின் சராசரி சர்க்கரை உயர்த்தும் குறியீடு 52.7, தீட்டிய அரிசிக்கு 71.7. வித்தியாசம் மெய்யானதுதான். ஆனால் 2025இல் சென்னையின் மோகன் நீரிழிவு ஆய்வு நிறுவனம் முன்னின்று வெளியிட்ட நாடளாவிய ஆய்வு ஒரு கடிவாளம் போட்டது. இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. அந்த மொத்தத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் சிறுதானியம் என்று ஆளை மட்டும் மாற்றினால் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை; மாவுச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் பருப்பு, பால் போன்றவற்றின் புரதத்தை வைத்தால் குறைகிறது. நீரிழிவுக்கான ஆய்வு என்றாலும் இன்சுலின் சிக்கல் இரண்டுக்கும் பொது. தட்டு நிறையக் கம்பஞ்சோறு போட்டுக்கொண்டு ஒரு கரண்டி குழம்பு ஊற்றுகிறவர் இதை யோசிக்க வேண்டும். பாலிஷ் போட்டு வெளுத்த குதிரைவாலியில் தவிடும் போய்விட்டது என்பது கூடுதல் செய்தி.

லோயர் கேம்ப்புக்கு எது மரபு என்பதும் அவ்வளவு எளிய கேள்வியில்லை. முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் 1895 முதல் இந்த வழியாக இறங்குகிறது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. மூன்று தலைமுறைக்கு மேலாக நெல்லுச்சோறு தின்கிற ஊரில் கம்பும் சோளமும் மானாவாரிப் பக்கத்துச் சொத்து. ரேஷனில் அரிசி இலவசம். சிறப்பு விநியோகத்தில் முன்பு கிடைத்த உளுந்து நின்றுவிட்டது. கேழ்வரகை ரேஷனில் கொடுக்கும் திட்டம் 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில்தான் தொடங்கியது. கூலிக்குப் போகும் வீட்டில் சிறுதானியம் சாப்பிடச் சொல்வது, இலவச அரிசியை ஒதுக்கிவிட்டுக் காசு கொடுத்து வாங்கச் சொல்வதாகும். சமையலறையைப் பற்றிய அறிவுரைகளில் இந்தச் செலவை யாரும் எழுதுவதில்லை.

இன்னொரு பக்கம், பாட்டிகளின் பொறுமைக்கு அறிவியல் சான்றிதழே உண்டு. ‘வயசுக்கு வந்த புதுசுல முன்னப்பின்ன ஆகத்தான் செய்யும்’ என்பார்கள். ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் ஒருங்கிணைத்த 2023ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டி நெறியும் முதல் ஆண்டில் ஒழுங்கின்மை இயல்பு என்கிறது. பூப்பெய்தி எட்டு ஆண்டு ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று முடிவு கட்டாதே என்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளையின் ஸ்கேன் தாளில் நீர்க்கட்டி என்று எழுதிக் கொடுத்துக் குடும்பத்தையே கதிகலங்க வைப்பவர்களைவிடப் பாட்டி மேல். அதே நெறி, எடை, உடல்நலம் என்று எதற்கும் ஒரு குறிப்பிட்ட உணவுமுறை மற்றதைவிட உசத்தி என்பதற்குச் சான்றில்லை என்றும் சொல்கிறது. கீட்டோ வேண்டாம், அவகாடோ வேண்டாம், வீட்டுச் சாப்பாட்டைச் சீர்செய்தால் போதும் என்று இதை வாசிக்கலாம். ஒரு களியை அருமருந்து என்று தூக்கிப்பிடிக்க இதில் இடமில்லை.

பொறுமைக்கும் எல்லை உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் விலக்கு வராமலே இருந்தால் கருப்பை உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் விட்டால் புற்றுநோய் ஆபத்தும் கூடும். இதை வெந்தயம் கவனித்துக்கொள்ளாது. தைராய்டு, புரோலாக்டின் கோளாறுகளும் இதே முகத்தோடு வரும். அவை இரத்தப் பரிசோதனையில் மட்டுமே பிரியும். ஒல்லியாக இருப்பவருக்கும் பிசிஓஎஸ் வரும் என்பதால் ‘நீதான் ஒல்லியாச்சே’ என்ற தேறுதலும் உதவாது.

உணவு மருந்தாக வேடம் மாறும் இடத்தில்தான் எச்சரிக்கை அதிகம் தேவை. கழற்சிக்காய்ப் பொடியும் மலைவேம்பு இலைச்சாறும் பக்கத்து வீட்டுப் பரிந்துரையில் புழங்குகின்றன. மலைவேம்பின் நெருங்கிய உறவு மரம் ஒன்றின் பழம் மனிதருக்கு நஞ்சு. இலையை வைத்து இரண்டையும் பிரித்தறிவது எல்லோருக்கும் கைவராது. சித்த மருத்துவர் அளவு பார்த்துத் தருவது வேறு, அவரவர் பறித்து அரைப்பது வேறு. குழந்தைக்கு முயல்பவர்கள் இவற்றைத் தாமாக எடுக்கவே கூடாது.

களியில் உளுந்தைக் கூட்டி, கருப்பட்டியைப் பாதியாக்கி, அந்தக் களியை எப்போதாவது வைத்துக்கொண்டு, தினத்துக்கு உளுந்தஞ்சோறும் கீரையும் சுண்டலும் என்று போகிற வீடு சரியான பாதையில் இருக்கிறது. வீடு முழுவதும் அதையே சாப்பிட்டால் அந்தப் பெண்ணுக்குத் தனித் தட்டு, தனிப் பத்தியம் என்ற சங்கடமும் இல்லை. சாப்பாட்டை மாற்றியும் மூன்று மாதமாக விலக்கு வரவில்லை என்றால், முகத்தில் முடி கூடினால், கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்தால், கம்பம் அரசு மருத்துவமனைக்கோ க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். சர்க்கரை, தைராய்டு, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.