ஃபெயில்டுபேன் போட்டாச்சு, அப்புறம்?

புதுசா ஒரு சர்வர் எடுத்தா முதல்ல என்ன செய்யணும்னு யாரைக் கேட்டாலும் மூணாவது வரிக்குள் ஃபெயில்டுபேன் வந்துவிடும். நானும் பல வருஷம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் குறிப்பு அந்தப் பழக்கத்தின் மீதான விமர்சனம். பாதி மென்பொருள் மீது, மீதிப் பாதி என் மீதே.

ஓர் ஆய்வகத்தின் லினக்ஸ் எந்திரம் என் பொறுப்பில் இருந்தது. ஒரு பயிலரங்குக்காக 'டெஸ்ட்' என்று ஒரு கணக்கு திறந்து, 'டெஸ்ட்123' என்று கடவுச்சொல்லும் வைத்தேன். பயிலரங்கு முடிந்தது, கணக்கை மறந்துவிட்டேன். சில மாதம் கழித்து ஒரு மாணவி, "அண்ணா, என் ப்ரோக்ராம் நகரவே மாட்டேங்குது" என்றாள். போய்ப் பார்த்தால், எல்லா கோரிலும் யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே வந்தவர் வேறு என்ன செய்தார் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. அதனால் எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினோம். அந்தப் பெண்ணின் மூன்று வாரக் கணக்கீடு போச்சு.

ஃபெயில்டுபேன் அன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் தடைப் பட்டியல் நீளமாக இருந்தது. அந்த நீளத்தைப் பார்த்துத்தான் நான் நிம்மதியாகத் தூங்கியிருந்தேன். உள்ளே வந்த முகவரி மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஏன் இல்லை என்பது சின்னக் கணக்குதான். ஃபெயில்டுபேன் லாக் கோப்பைப் படிக்கிறது. ஒரே ஐபி முகவரியிலிருந்து 10 நிமிடத்துக்குள் 5 தோல்வி வந்தால் ஃபயர்வாலில் அந்த முகவரியை 10 நிமிடம் அடைக்கிறது. இவை நாம் எதையும் மாற்றாவிட்டால் இருக்கிற எண்கள். சரி, 10 நிமிடத்துக்கு 4 முறை மட்டும் முயன்றால்? தடையே கிடையாது. ஒரு நாளில் 576 முயற்சி. 'டெஸ்ட்123' எந்த யூகப் பட்டியலிலும் முதல் பக்கத்திலேயே இருக்கும். ஒரே ஓர் எந்திரம், பொறுமையாக, ஒரு தடையும் வாங்காமல் உள்ளே வந்துவிடலாம். அப்படி 1000 எந்திரம் இருந்தால் ஒரு நாளைக்கு 5,76,000 முயற்சி.

இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. பல முகவரிகள் பங்கு போட்டுக்கொண்டு மெதுவாகத் தட்டுகிற தாக்குதலை நார்வேக்காரர் பீட்டர் ஹான்ஸ்டீன் 2008லேயே தன் லாக்குகளில் கவனித்து எழுதினார். 'ஹெயில் மேரி கிளவுட்' என்று பின்னால் அதற்குப் பெயரே வந்தது. எண்ணிக்கை பார்க்கிற காவலாளி, எண்ணிக்கைக்குக் கீழே குனிந்து போகிறவனைப் பார்ப்பதில்லை.

என் இரண்டாவது குறை, அது லாக்கை வைத்துப் பிழைக்கிறது என்பது. லாக் மனிதர் படிக்க எழுதப்பட்ட வாக்கியம்; அதன் வடிவம் மாறினால் காவலாளிக்குக் கண் போய்விடும். 2023இல் வந்த டெபியன் 12, பழைய லாக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாகை இயல்பாக நிறுவுவதில்லை. கோப்பைக் காணோம் என்று ஃபெயில்டுபேன் கிளம்பவே மறுத்தது. 2024 ஜூலையில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8இல் பல லாக் வரிகள் வேறு புரோகிராம் பெயரில் வரத் தொடங்கின. பழைய வடிகட்டிகள் அவற்றைத் தவறவிட்டன. முதலாவது கத்திச் சொல்லிவிடும். இரண்டாவது சத்தமே போடாது, அதுதான் ஆபத்து.

மூன்றாவது, முகவரி என்பது ஆள் இல்லை. நம்ம ஊர் கல்லூரி விடுதிகளிலும் மொபைல் இணைப்புகளிலும் ஏராளமான பேர் ஒரே ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் இருக்கிறார்கள். ஒருவர் கடவுச்சொல்லை அஞ்சு தடவை தப்பா அடித்தால் பக்கத்து அறைக்காரருக்கும் கதவு மூடும். ஐபிவி6இல் கதை தலைகீழ்: சாதாரண ஒரு இணைப்புக்கே கோடானுகோடி முகவரிகள். ஒன்றை அடைத்து என்ன பயன்?

அதற்காக இதைத் தூக்கி எறி என்று சொல்ல வரவில்லை. மெயில் சர்வர் மாதிரி கடவுச்சொல்லை விடமுடியாத இடங்களில் வேகத்தைக் குறைக்க உதவும். லாக்கின் இரைச்சலும் குறையும். பலவீனமான கடவுச்சொல்லின் ஆபத்தைத் தன்னால் நீக்க முடியாது என்று அதன் அறிமுகக் குறிப்பே ஒளிக்காமல் சொல்கிறது. படிக்காதது நான்தான்.

அப்ப என்ன செய்யலாம்? எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல் நுழைவையே நிறுத்துங்கள், சாவிக்கோப்பு மட்டும் போதும். யூகிக்க ஒரு சொல்லே இல்லாதபோது எத்தனை லட்சம் முறை தட்டினாலும் கதவு திறக்காது. சாவி தொலைந்தால் என்று பயமா? இரண்டு சாவி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றுக்கும் மறைதொடர் போடுங்கள்.

ஆனால் அமைப்புக் கோப்பில் ஒரு வரி மாற்றியதோடு நிம்மதி அடைய வேண்டாம். கேபிடி-இன்டராக்டிவ் என்ற இன்னொரு வழி திறந்திருந்தால், அதன் மூலமும் கடவுச்சொல் உள்ளே போகும். ஓப்பன்எஸ்எஸ்எச்சில் ஒரே அமைப்பு இரண்டு இடத்தில் இருந்தால் முதலில் வருவதுதான் செல்லும். உபுண்டுவில் கிளவுட்-இனிட் எழுதி வைக்கிற தனிக்கோப்பு உங்கள் வரிக்கு முன்னால் படிக்கப்படலாம். அதனால் சாவி இல்லாத வேறொரு கணினியிலிருந்து நீங்களே தட்டிப் பாருங்கள். கடவுச்சொல் கேட்டால் கதவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. பழைய அமர்வை மட்டும் மூடாமல் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் நாமே வெளியே நிற்போம்.

இப்போதெல்லாம் யாராவது "ஃபெயில்டுபேன் போட்டாச்சு" என்று சொன்னால் எத்தனை பேரைத் தடுத்தது என்று நான் கேட்பதில்லை. உங்க சர்வர்ல யாரும் பயன்படுத்தாத கணக்கு எத்தனை இருக்கு என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலும் உடனே பதில் வருவதில்லை. அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தாலும் வந்திருக்காது.