யோரினின் இடது கால்

சோச்சி ஒலிம்பிக் என்றதும் லாங் டிராக் ஸ்பீட் ஸ்கேட்டிங் பிரியர்களுக்கு ஆரஞ்சு நிறம்தான் ஞாபகம் வரும். 2014இல் அங்கே கொடுத்த 36 பதக்கங்களில் 23 நெதர்லாந்துக்கே போயின. ஒரு கட்டத்தில் போதும் போதும் என்றாகிவிட்டது. பெண்கள் 1500 மீட்டரில் முதல் நாலு இடமும் அவர்களுக்குத்தான். ஆனால் அந்த நாலு பேரில் முதலில் நின்றவர் வேறு வீட்டுப் பிள்ளை: யோரின் தெர் மோர்ஸ். 1:53.51, ஒலிம்பிக் சாதனை. சக நாட்டு வீராங்கனை இரேன் வுஸ்ட்டையே அரை நொடிக்கு மேல் பின்னால் விட்டார். முந்தைய நாள் இவர் ஷார்ட் டிராக் 1500 இறுதியில் ஓடி, நாலாவதாக வந்து, பதக்கமில்லாமல் திரும்பியிருந்தார்.

நடுவில் ஒரே ஒரு ராத்திரி. அதை யாரும் போதுமான அளவு வியக்கவில்லை என்பது என் பழைய குறை. முதல் நாள் காலில் இருந்தது பூட்ஸோடு இறுகிய பிளேடு. அதுவும் இடப்பக்கம் தள்ளிப் பொருத்தியது, வளைவுக்குத் தோதாக லேசாக வளைத்தது. மறுநாள், குதிகால் பிளேடிலிருந்து விடுபடும் கிளாப் ஸ்கேட். முன்னதில் நுனிக்காலால் உந்தினால் பிளேடு பனியில் குத்தி ஆளைக் கவிழ்த்துவிடும். பின்னதில் கணுக்கால் நீளும்வரை உந்தாவிட்டால் வேகமே வராது. நேற்று செய்யக் கூடாததை இன்று செய்தே ஆக வேண்டும். மிருதங்கக்காரர் ஒருவர் விடிந்ததும் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், தவில்காரர்கள் எல்லோர் முன்னாலும் பேர் வாங்கிவந்தது மாதிரிதான் இது.

இவரை நான் பார்த்ததே வளைவுக்காக. உள் லேனுக்குள் வேகமாக நுழையும்போது பலருக்கு ஒரு சின்னத் தயக்கம் வரும். தோள் விரற்கடை எழும்பும், முழங்கால் கொஞ்சம் நிமிரும், வேகம் அந்த இடத்தில் கசியும். யோரினுக்கு இருபத்தைந்து மீட்டர் சொச்சம் ஆரமுள்ள அந்த வளைவு, ராஜபாட்டை. எட்டு மீட்டர் ஆரத்தில், இடது கை பனியைத் தடவ, நாலு பேர் இடிபாட்டுக்கு நடுவே திரும்பிப் பழகிய உடம்பு அல்லவா? முழங்கால் மடிப்பு மாறாது. இடுப்பு உள்ளே சாய்ந்தது சாய்ந்தபடியே இருக்கும். வலது கால் குறுக்கே தாண்டி இறங்கும்போது, இடது கால் உடம்புக்கு அடியில் வலப்பக்கமாக, வெளி விளிம்பில் அழுத்திக்கொண்டே போகும். பார்ப்பவர் கண்ணெல்லாம் வலது காலில்தான் இருக்கும், காற்றில் தெரிவது அதுதானே. பலருக்கு இடது கால் பாரம் தாங்குவதோடு சரி. யோரின் அதில்தான் வண்டியை ஓட்டினார். வளைவை விட்டு வெளியே வரும்போது, நுழைந்ததைவிட வேகமாக வருகிறாரோ என்று சந்தேகமே வரும்.

வுஸ்ட் ரசிகர்கள் இதற்கு மசிய மாட்டார்கள். நேர்கோட்டில் அவர் ஒரு காலில் நீளமாக வழுக்கிப் போகும் அழகு வேறு எவருக்கும் கிடையாது என்பார்கள். சரிதான், நேர்கோட்டில் யோரின் அழகியில்லை, கொஞ்சம் முரட்டுத்தனம்கூட உண்டு. ஆனால் ஒரு சுற்றில் பாதிக்குச் சற்றுக் குறைவான தூரம் வளைவு. அதை வெறும் இணைப்புப் பாதையாகப் பார்க்கிற ரசனை எனக்குப் புரிவதில்லை.

டிராக் மாறியவர்கள் என்றால் எல்லோரும் லீ சுங்ஹூனைத்தான் இழுப்பார்கள். கொரியாவின் ஷார்ட் டிராக் அணியில் இடம் கிடைக்காமல் லாங் டிராக்குக்கு வந்தவர், 2010 வான்கூவரில் 10,000 மீட்டர் தங்கம். பயிற்சியாளர் பேச்சைக் கேட்டு ஸ்வென் கிராமர் தப்பான லேனுக்குள் போய், தங்கம் லீ கைக்கு வந்த அந்தக் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். லீயின் வளைவும் நல்ல வளைவுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு இந்த வீட்டுக்குக் குடிவந்தவர். யோரின் இரண்டு வீட்டுச் சாவியையும் இடுப்பிலேயே செருகி வைத்திருந்தார்.

2018 ஒலிம்பிக்கின்போது கங்னுங்கில் அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. பிப்ரவரி 14, 1000 மீட்டர். உலக சாதனையைக் கையில் வைத்திருந்த நாவோ கொடைராதான் ஜெயிப்பார் என்று பலரும் முடிவே கட்டியிருந்தார்கள். யோரின் 1:13.56, மறுபடி ஒலிம்பிக் சாதனை. கொடைரா 1:13.82. ஆறு நாள் கழித்து ஷார்ட் டிராக் 3000 மீட்டர் ரிலே. நெதர்லாந்து பி ஃபைனலில்தான் ஓடியது, ஆனால் உலக சாதனை நேரத்தில். பிறகு ஏ ஃபைனலில் சீனாவும் கனடாவும் தகுதியிழக்க, வெண்கலம் இவர்களைத் தேடி வந்தது. அந்த அணியில் லாரா வான் ருய்வனும் இருந்தார். 2020இல் இருபத்தேழு வயதில் போய்விட்டார். அந்த ஓட்டத்தை இப்போது முழுதாகப் பார்க்க மனம் வருவதில்லை.

ஒரே குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு விளையாட்டுகளில் பதக்கம் வாங்கிய முதல் பெண் என்ற பெயர் அன்றைக்கு இவருக்கு வந்தது. நாலே நாளில் எஸ்டர் லெடெட்ஸ்கா ஸ்கீயோடு ஸ்னோபோர்டிலும் தங்கம் வாங்க, எல்லாக் கேமராவும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. லெடெட்ஸ்கா செய்தது பெரிய காரியம்தான். என்றாலும் அங்கே காலில் மாட்டுவதே வேறு பொருள் என்று பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும். இங்கே இரண்டும் ஸ்கேட்டிங்தானே என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்.

ஒளிபரப்பும் ஒத்தாசை செய்வதில்லை. முன்பெல்லாம் வளைவின் உள்ளிருந்து ஒரு கேமரா ஆளோடு நிதானமாகத் திரும்பும், பார்க்க முடிந்தது. இப்போது திரையில் பாதியைக் கடிகாரமும் பச்சை சிவப்பு எண்களும் பிடித்துக்கொள்கின்றன. சரியாக வளைவின் நடுவில் பயிற்சியாளர் முகத்துக்கு வெட்டுகிறார்கள். இடது காலைப் பார்க்க வழியேயில்லை.

இரண்டு டிராக்கும் கைகுலுக்கும் இடம், எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் மாஸ் ஸ்டார்ட் என்று என் சிநேகிதர் வாதாடுவார். இருக்கட்டும். அதில் பதினாறு சுற்று. கடைசி ஒன்றரைச் சுற்றுக்காக மற்றதையெல்லாம் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.