ஆபரணத்துக்குப் பதில் அட்சதை

திருநீர்மலையில் என் வீட்டு மாடி அறையில் குடியிருக்கும் பெண் சென்ற மாதம் ஒரு புஸ்தகத்தைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். ஸ்காட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்கர் 1988-ல் வெளியிட்ட விக்கா வழிகாட்டி; கூட்டம் எதிலும் சேராமல் தனியாக அனுஷ்டிப்பவர்களுக்கென்று எழுதியது. பெண்ணுக்குத் தாம்பரத்தில் வேலை. சம்பளத்தில் ஒரு பங்கு ஊரில் இருக்கும் தாயாருக்குப் போகிறது. ஒரு பங்கு வாடகையாக எனக்கு வருகிறது. மிச்சத்தில் அவள் சாப்பிட்டு, பஸ் ஏறி, இப்போது ஒரு புது மதத்தையும் அனுசரித்தாக வேண்டும்.

“கத்தி, கிண்ணம், கொப்பரை, மணின்னு போட்டிருக்கு சார். இதெல்லாம் வாங்க என்னால முடியாது. எவர்சில்வர் டம்ளரை வெச்சுக் கும்பிட்டா அது ஏமாத்துதானே?” என்று கேட்டாள்.

நாவல் எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் நினைத்தேன். புஸ்தகத்தைப் படித்து முடித்த பின், எங்களைப் போன்றவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விதான் என்று படுகிறது. ஒரு பொருளின் இடத்தில் இன்னொரு பொருளை வைத்து, அது பொய்யாகிவிடாமல் பார்த்துக்கொள்வதுதானே எங்கள் பிழைப்பும்?

விக்கா என்றதும் பில்லி, சூனியம் என்று வாசகர்கள் பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் தோன்றிய மதம் அது. பெரும்பாலும் தேவன் ஒருவன், தேவி ஒருத்தி, பௌர்ணமியில் பூஜை, பருவங்களை ஒட்டி வருஷத்துக்கு எட்டுத் திருநாள். கிறிஸ்துவத்துக்கு முந்திய சமயத்தின் மிச்சம் என்று ஆரம்பித்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் உருவானதுதான் என்று சரித்திராசிரியர் ரானல்ட் ஹட்டன் 1999-ல் வெளியிட்ட தம் நூலில் விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். மதம் புதிது என்பதால் அதில் சிரத்தை இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். எல்லா மதமும் ஒரு காலத்தில் புதிதுதான்.

அதை உலகறியச் செய்த ஜெரால்ட் கார்ட்னர் தமிழனுக்கு முற்றிலும் அன்னியர் அல்ல. 1900-ல், பையனாக, இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தார். பிறகு போர்னியோ, மலாயா. ரப்பர் தோட்டம், சர்க்கார் உத்தியோகம். ஓய்வு பெற்ற 1936-ம் வருஷமே மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்தியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தமிழ்க் கூலிகளை நம்பி நடந்த தோட்டங்கள் அவை. நம்மவர்கள் அங்கே ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, மாரியம்மன் என்று கும்பிட்டார்கள். அவர்களுக்குக் கருவி என்று வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இங்கிலாந்தில் 1735-ம் வருஷத்துச் சூனியச் சட்டம் அமலில் இருந்தபோது, 1949-ல், கார்ட்னர் தம் விஷயத்தை ஒரு நாவலாக எழுதினார். நாவலாக அது தேறாது. சட்டம் 1951-ல் ரத்தாயிற்று. 1954-ல் நேரடியாகவே எழுதிவிட்டார். அவர் வழிவந்த கையேட்டில் ஒரு புத்திமதி இருக்கிறது: கருவிகள் எந்த வீட்டிலும் இருக்கக்கூடிய சாமான்களாக இருக்கட்டும்; சின்னம் பொறிக்கும் தகடு மெழுகாக இருந்தால் ஆபத்து வேளையில் உருக்கிவிடலாம். பணப்பையைக் காப்பாற்ற அல்ல, கழுத்தைக் காப்பாற்றச் சொன்ன யோசனை. அந்தப் புத்திமதி மிகப் பழையது என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதன் விவேகத்தில் உண்டு.

கன்னிங்ஹாம் இந்த விவேகத்தை வாரிசாகப் பெற்றவர். குரு கிடைக்கவில்லையா, நீயே உன்னை அர்ப்பணித்துக்கொள் என்கிறார். கத்தி கூர்மையாக இருக்க வேண்டியதில்லை. துடைப்பம் துடைப்பமாக இருந்தால் போதும். எளிய நடை, அடித்துப் பேசுகிற குரல் இல்லை. இவ்வளவும் நல்ல விஷயம். ஆனால் பின்பகுதிக்கு வந்தால் தூபப் பொடிக்குக் குந்துருக்கம், வெள்ளைப்போளம், சந்தனம் என்று பக்குவம் சொல்லுகிறார். பிறகு மூலிகைகள், தைலங்கள், படிகக் கற்கள். முன்பகுதியில் கடையைச் சாத்திய கையே பின்பகுதியில் திறந்துவிடுகிறது. சந்தனம் விளைகிற நம் நாட்டிலேயே சந்தனக் கட்டை ஏழைக்கு எட்டுகிற விலையிலா இருக்கிறது?

இது சில்லறை ஆட்சேபம். என் பெரிய ஆட்சேபம் வேறு. இல்லாதவனுக்கு அந்த இல்லாமை வலிக்கும் என்பது இந்தப் புஸ்தகத்தில் எங்குமே இல்லை. ‘இது போதும்’ என்பதை அவர் மிகவும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்.

நம் வீட்டுப் பூஜைகளில் பதில் பொருளுக்கு என்று ஓர் இலக்கணமே உண்டு. சாஸ்திரிகள் பூஜை பண்ணி வைக்கும்போது கவனித்திருப்பீர்கள். வஸ்திரம் சாத்த வேண்டிய இடத்தில் வஸ்திரம் இல்லை. அதற்குப் பதில் அட்சதை என்று சொல்லி நாலு அரிசியைப் போடச் சொல்லுவார். ஆபரணத்துக்குப் பதிலும் அட்சதை. விக்கிரகம் இல்லாவிட்டால் மஞ்சளைப் பிடித்து வைத்து, ஓர் அருகம்புல்லைச் செருகினால் பிள்ளையார். இதில் ஏமாற்று இல்லாததற்குக் காரணம் ஒன்றுதான்: எதற்குப் பதில் என்பது வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. சுவாமிக்குக் கணக்கு தெரியும், நமக்கும் தெரியும். அரிசியைப் போட்டுவிட்டு ஆபரணம் போட்டேன் என்று யாரும் சொல்லுவதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வருஷம் வெள்ளிக் குடம் அடகுக் கடைக்குப் போய்விட்டது. வரலட்சுமி நோன்புக்கு அம்மா பித்தளைச் சொம்பில் கலசம் வைத்தாள். பட்டுப் புடவையோடு வந்த ஓர் உறவுக்காரி அதைப் பார்த்துவிட்டு, “அதனால என்னடி, மனசு இருந்தாப் போதும்” என்றாள். அம்மா சிரித்தாள். ஆனால் அந்த வார்த்தையைச் சாகும்வரை அவள் மன்னிக்கவில்லை. முந்தின நாள் ராத்திரி நெடுநேரம் உட்கார்ந்து அவள் அந்தச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளி இல்லாத குறைக்கு அவள் தன் தோளைக் கொடுத்தாள். மனசு இருந்தால் போதாது என்று அவளுக்குத் தெரியும். போதும் என்று சொல்லும் பாத்தியதை தேய்த்தவளுக்கு உண்டு; பட்டுப் புடவைக்கு இல்லை.

திவ்ய தேசத்தில் உட்கார்ந்துகொண்டு சைவப் புராணம் பேசுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். சேக்கிழார் இதை நன்றாக அறிந்திருந்தார். திருநின்றவூர்ப் பூசலார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய கதையை ஏழைக்கு ஆறுதலாகவே எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மூலத்தைப் படித்தால் ஆறுதல் அவ்வளவு மலிவாக இல்லை. முதலில் அவர் பொருள் தேடி அலைகிறார்; கிடைக்காமல் வருந்துகிறார். அப்புறம்தான் மனசில் தொடங்குகிறார். அங்கேயும் சலுகை கிடையாது. தச்சரைத் தேட வேண்டும், நல்ல நாளில் அடிநிலை எடுக்க வேண்டும், இரவும் கண் துயிலாமல் வேலை நடக்க வேண்டும். விமானம், கிணறு, மதில், குளம் எல்லாம் முறைப்படி முடிந்து கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்க வேண்டும். காஞ்சியில் காடவ மன்னன் கல்லில் கட்டியதற்குக் குறைந்த உழைப்பா இது? காசு ஒன்றுதான் மிச்சம். மற்றதெல்லாம் அதிகச் செலவு.

அதே நூலில் குங்கிலியக் கலயர் இருக்கிறார். நெல் வாங்க மனைவி கழற்றிக் கொடுத்த தாலிக்குக் குங்கிலியம் வாங்கிவிட்டுக் கோயிலிலேயே இருந்துவிடுகிறார். வீட்டில் குழந்தைகள் பட்டினி. இந்தக் கதையோடு என்னால் முழுதாகச் சமாதானம் செய்துகொள்ள முடிந்ததில்லை. பக்தி பெரிதுதான், செலவானது யாருடைய தாலி? சேக்கிழாருக்கும் அந்த அம்மாள் நினைவு இருந்திருக்கிறது. இறைவன் அவள் கனவில் வந்து சொல்லி, வீட்டை நிரப்பிய பிறகுதான் கணவரைச் சாப்பிடப் போகச் சொல்லுகிறான். பூசலாரையும் கலயரையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், கைச்செலவில்லாத பூஜையே பெரிய பூஜை என்றோ, இருப்பதையெல்லாம் கொட்டுவதுதான் பக்தி என்றோ தீர்ப்பு எழுத முடியாமல் போகிறது. இருவரும் ஒதுக்கி வைத்த மிச்சத்திலிருந்து கொடுக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

எங்கள் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. கீழே நீர்வண்ணப் பெருமாள் நின்றிருக்கிறார். மலைமேல் நரசிம்மர் வீற்றிருக்கிறார், ரங்கநாதர் சயனித்திருக்கிறார், உலகளந்தவர் அடியெடுத்து வைக்கிறார். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாம். வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்கிறது தல வரலாறு. திருப்பணிக்குப் பணம் இல்லையென்றால் வழிப்பறிக்கும் அஞ்சாதவர் என்று பெயரெடுத்த ஆழ்வார் அவர். இந்தத் தண்ணீரிடம் அவர் பணமும் வாளும் செல்லவில்லை. காத்திருக்க வேண்டியதாயிற்று.

நான் அந்தப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. டம்ளர் ஏமாற்று அல்ல, ஆனால் அதில் இனிமேல் காபி குடிக்காதே என்று மட்டும் சொன்னேன். உவமைக்கும் அதுதான் விதி. முகத்துக்குப் பதிலாக நிலாவை வைக்கிறவன் இரண்டையும் உற்றுப் பார்த்திருக்க வேண்டும். கைக்கு வந்ததை வைத்துவிட்டுப் போனால் வாசகனுக்குத் தெரிந்துவிடும்.

பௌர்ணமியன்று மொட்டை மாடியில் விளக்கு தெரிந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி வந்திருந்தாள்போல் இருக்கிறது. பெண் கீழே இறங்கி வந்து, “சார், ஒரு டம்ளர் கொடுங்களேன். எங்கிட்ட இருந்ததே ரெண்டுதான், ஒண்ணு இப்ப எடுக்கக் கூடாது” என்றாள்.

கொடுத்தேன்.