கூட்டாளி, பங்காளி, துணை: ஆங்கில உறவுச் சொற்களும் செங்கல்பட்டு வழக்கும்

ஆங்கிலத்தில் நட்பையும் துணைமையையும் குறிக்கும் சொற்களைப் பள்ளிச் சொற்பட்டியல்கள் வரிசையாக அடுக்குகின்றன: ஃபிரெண்ட் என்றால் நண்பன், கம்பானியன் என்றால் தோழன், பார்ட்னர் என்றால் கூட்டாளி. இதைப் படிக்கும் மாணவர் இச்சொற்களுக்கிடையே நெருக்கத்தின் அளவு மட்டுமே வேறுபடுவதாக எண்ணிக்கொள்கிறார். ஆனால் இவற்றில் பல, எதையேனும் பகிர்ந்துகொள்வதைக் குறித்துப் பிறந்தவை. பகிரப்படும் பொருள் எது என்பதுதான் ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரிக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்து வழக்குகள் மூன்றை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

சொற்களின் பிறப்பு

இவற்றுள் ஃபிரெண்ட் அன்பு செய்தல் என்னும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. கம்பானியன் இலத்தீன் மூலத்தில் உடன் ரொட்டி உண்பவர். ஃபெல்லோ பழைய நோர்ஸ் மொழியில் கூட்டு முயற்சிக்குப் பொருள் போட்டவர். பார்ட்னர் என்பது 'பார்சனர்' என்ற சொல்லின் திரிபு. சொத்தில் உடன்பங்கு உடைய வாரிசு என்பது அதன் பொருள்.

கடலும் கோயிலும்

மாமல்லபுரம் கரையில் மீன் விற்ற பணத்தில் செலவு போக மிஞ்சுவதைப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு வைக்கும் முறை உண்டு. ஃபெல்லோவின் பழைய பொருள் இங்கே உயிரோடு இருக்கிறது. பேச்சுத் தமிழிலோ அச்சொல் எரிச்சலோடு ஒருவரைச் சுட்டும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. கரையில் அதற்கு நேரான சொல் 'கூட்டாளி'.

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அருகிலுள்ள திருக்கச்சூரில் நடந்ததாகப் பெரியபுராணம் கூறும் நிகழ்ச்சி இரண்டாவது. உச்சிப்பொழுதில் பசித்திருந்த சுந்தரருக்காக இறைவன் அந்தணர் வடிவில் வீடு வீடாகப் பிச்சை எடுத்துச் சோறு கொண்டுவந்தார். சுந்தரரின் பெயர் 'தம்பிரான் தோழர்'. இதை ஆங்கிலத்தில் ஃபிரெண்ட் என்று பெயர்ப்பது பிழையன்று. ஆனால் திருக்கச்சூரில் அது போதாது. சோறு கொண்டுவந்தவரைக் குறிக்க, உணவிலிருந்து பிறந்த கம்பானியனே நெருங்கிய சொல். அப்போதும் ஓர் இடைவெளி உண்டு: இங்கே சோறு இட்டவர் உடன் உண்ணவில்லை, மறைந்துவிட்டார். அவ்வூர்ப் பதிகத்தில் சுந்தரரும் தோழமையின் உரிமையைப் பேசாமல், நீ பிச்சைக்குத் திரிவதைக் கண்டால் அடியார் உருகமாட்டார்களா என்றே கேட்கிறார். செயல் தோழனுடையது, மொழி அடியாருடையது. ஒற்றைச் சொல் மொழிபெயர்ப்பில் இந்த இரட்டைத் தன்மை நழுவிவிடுகிறது.

பங்காளி யார்?

மிகுந்த சிக்கல் பார்ட்னரில்தான். சொற்பிறப்பை மட்டும் பார்த்தால் அதற்கு நேரான தமிழ்ச்சொல் 'பங்காளி'. ஆனால் நம் வழக்கில் பங்காளி என்பவர் தந்தைவழி ஆண் உறவினர். அந்த முறையில் பெண் எடுப்பதில்லை. ஆங்கிலத்தில் பார்ட்னர் மணத்துணையையும் குறிக்கிறது, தமிழில் பங்காளி முறையோ மணத்தை விலக்குகிறது. அந்த வீட்டில் பிறந்த மகளும், அங்கே வந்த மனைவியும் பங்காளிக் கணக்கில் சேர்வதில்லை. பங்கு ஆண்வழியே சென்றதன் தடம் இச்சொல்லில் பதிந்திருக்கிறது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. மணமுறிவு உரிமையையும் அது கோரியது. மனைவியை 'வாழ்விணையர்' என்று அழைக்கும் வழக்கு பெரியார் இயக்கத்தாரிடையே இன்றும் உண்டு. சொல்லை மாற்றுவதோடு சொத்தையும் கேட்டது செங்கல்பட்டுத் தீர்மானத்தின் வலிமை. இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளையும் பிறப்பால் பங்குடைய 'கோபார்சனர்' ஆக்கிய தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் வர 1989 ஆயிற்று. அதற்கு முன்பே மணமான மகள்களை அது விலக்கி வைத்தது. 2005 மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. 'பார்ட்னர்' என்ற சொல்லின் தாயான 'பார்சனர்', சட்டத்தின் வழியே அப்படித்தான் மகளிடம் வந்து சேர்ந்தது.

மதிப்பீடு

பார்ட்னர் என்பதற்கு இன்று 'துணை', 'இணையர்' என்று எழுதுகிறோம். துணை என்பதில் உதவியும் இணையர் என்பதில் சமமும் கேட்கின்றன. இரண்டிலும் பங்கு கேட்பதில்லை. ஆங்கிலம் பேசுவோரின் காதிலும் பார்ட்னரில் இப்போது சொத்து ஒலிப்பதில்லை என்பதால் இவை தவறான பெயர்ப்புகள் அல்ல. குறை சொற்பட்டியலின் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே நேர்ச்சொல்லோடு, 'இவர்கள் எதைப் பகிர்கிறார்கள்?' என்றும் ஒரு வரி சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தால் மாணவருக்கு ஆங்கிலச் சொல்லோடு தம் வீட்டில் யாருக்குப் பங்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதும் தெரியவரும்.