டிஷ்வாஷரும் போர்வெல் தண்ணீரும்

டம்ளரைக் கையில் எடுத்தால் மாவு தடவியதுபோல வெண்படலம். டிபன் பாக்ஸ் மூடியின் விளிம்பில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சாம்பார்க் கிண்ணத்தின் அடியில் கடுகு ஒட்டியபடியே இருக்கிறது. சென்னைப் புறநகரில், போர்வெல்லை மட்டுமே நம்பியிருக்கும் அடுக்குமாடி ஒன்றில், அக்கா வீட்டு டிஷ்வாஷரில் இந்த மூன்று புகார்களும் ஒருசேர இருந்தன. "மெஷின் போச்சு, வேற வாங்கிடலாம்" என்று மாமா தீர்மானமே செய்துவிட்டார். நான் பார்த்தவரை மெஷினில் பழுதென்று எதுவும் இல்லை.

முதலில் வெண்படலம். வினிகரில் நனைத்த துணியால் டம்ளரைத் துடைத்தால் படலம் போய்விடுகிறதா? அப்படியானால் அது தண்ணீரில் இருந்து படிந்த சுண்ணாம்பு. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை என்றால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது. அதற்கு வைத்தியம் கிடையாது. மென்மையான தண்ணீரில் சோப்பை அள்ளிப் போட்டால் வருகிற வினை அது. சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவை வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

அக்கா வீட்டில் படலம் வினிகருக்குப் போய்விட்டது. மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் கடினத்தன்மைப் பட்டையைக் குழாய்த் தண்ணீரில் நனைத்தால் அது நேராகக் கடைசி நிறத்துக்கே போனது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. 'எல்லாம் ஒன்றிலேயே' என்று விற்கப்படும் மாத்திரைகள் ஏறக்குறைய 370 வரைதான் சமாளிக்கும். அவற்றை நம்பி அக்கா வீட்டில் உப்புத் தொட்டியைக் காயவிட்டிருந்தார்கள்.

மெஷினின் அடியில் ஊற்றும் அந்த உப்பு பாத்திரத்தைத் தொடுவதே இல்லை. உள்ளே ரெசின் மணிகள் நிரம்பிய ஒரு பகுதி உண்டு. தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அவை பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசல் ஓடி அவற்றைப் புதுப்பிக்கும். எத்தனை கழுவலுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்பதை, நாம் வைக்கும் கடினத்தன்மை எண்ணை வைத்தே மெஷின் முடிவு செய்கிறது. இங்கே அந்த எண் தொழிற்சாலையில் வைத்தபடியே கிடந்தது. பொருத்திக் கொடுக்க வந்தவர் தண்ணீரைச் சோதித்து இதை மாற்றியிருக்க வேண்டும். பல வீடுகளில் இது நடப்பதில்லை. கையேட்டில் ஜெர்மன் டிகிரி என்று போட்டிருந்தால், ஒரு டிகிரிக்கு 17.8 மில்லிகிராம் என்று பெருக்கிக்கொள்ளுங்கள்.

சமையல் உப்பைப் போட்டால் என்ன என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். அதில் உள்ள கரையாத தூசும் சேர்மானங்களும் ரெசினைக் கெடுக்கும். உப்பு ஊற்றிய கையோடு ஒரு கழுவல் ஓட்டிவிடுங்கள், சிந்தியது கிடந்தால் ஸ்டீல் துருப்பிடிக்கும். ஆர்.ஓ. கழித்துவிடும் தண்ணீரை மெஷினுக்குத் திருப்பும் யோசனை சிலருக்கு வருகிறது. வடிகட்டப்பட்ட அத்தனை உப்பும் அதில்தான் இருக்கிறது!

காயாததற்குக் காரணம் வேறு. பெரும்பாலான மெஷின்களில் காற்றூதி கிடையாது. கடைசி அலசலில் பாத்திரம் சூடாகும், அந்தச் சூட்டில் ஈரம் ஆவியாகி ஸ்டீல் சுவரில் படிந்து வடியும். எவர்சில்வரும் பீங்கானும் சூட்டைத் தாங்கி வைத்திருக்கும். பிளாஸ்டிக் வைத்திருக்காது. எந்த விலை மெஷினானாலும் பிளாஸ்டிக் டிபன் பாக்ஸைத் துணியால் துடைத்தாக வேண்டும் என்பது என் கட்சி. ரின்ஸ் எய்ட் ஊற்றினால் தண்ணீர் துளியாக நிற்காமல் தகடாக வழிந்துவிடும். அளவை ஒரு படி கூட்டியதிலேயே டம்ளர்கள் தெளிந்தன. அரைமணி நேர அவசரக் கழுவலில் உலர்த்தும் கட்டமே பல மெஷின்களில் இல்லை. எடுக்கும்போது கீழ்த்தட்டை முதலில் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் மேல்தட்டுக் கிண்ணக் குழிகளின் தண்ணீர் கீழே கொட்டும்.

கடுகு விவகாரம் சுலபம். ஃபில்டரைத் திருகி எடுத்தால் கறிவேப்பிலைக் காம்பு, புளிச் சக்கை, தேங்காய்த் துருவல். தண்ணீர் பீய்ச்சும் கைகளின் துளைகளிலும் அதேதான். பல் குத்தும் குச்சியால் எடுத்தோம். கதவைச் சாத்துமுன் அந்தக் கைகளை விரலால் சுற்றிப் பாருங்கள். உயரமான தூக்கு ஒன்று இடித்து நிறுத்தினாலும் போதும், மேல்தட்டுக்குத் தண்ணீர் எட்டாது. எச்சிலை வழித்துப் போட்டால் போதும், முன்கூட்டித் தேய்த்துக் கழுவ வேண்டாம். கலங்கலை அளக்கும் ஆட்டோ முறையில், தண்ணீர் தெளிவாக இருந்தால் மெஷின் வேலையைச் சுருக்கிக்கொள்ளும். அலுமினியக் குக்கரை மட்டும் வெளியே வையுங்கள், கறுத்துவிடும்.

தொட்டிக்கு நேர் கீழே, மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று. பல மெஷின்கள் குறைந்தது 0.5 பார் அழுத்தம் கேட்கின்றன. அதற்குத் தொட்டித் தண்ணீரின் மட்டம் மெஷினுக்கு மேலே ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சின்ன பம்ப் ஒன்று தேவைப்படும்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கடினத்தன்மை எண்ணை எதுவரை உயர்த்தலாம் என்பது. 50 ஜெர்மன் டிகிரி வரை போகும் மாடல்கள் இருக்கின்றன. போர்வெல் வீட்டுக்கு அதற்குக் குறைந்ததை நான் சொல்ல மாட்டேன், எத்தனை புரோகிராம் இருந்தாலும் சரி.