மடக்குக் கத்தியின் லட்சணம்

தர்மபுரிச் சீமையின் மாந்தோப்புகளில் திரிபவர் மடியில் கனத்துக் கிடக்கும் மடக்குக் கத்தியைப் பரீட்சிக்க வேண்டுமானால், விரித்த அலகைப் பக்கவாட்டில் அசைத்து, ஆணி தளராது நிற்கிறதா, மடக்கியபின் கூர் முழுதும் பிடிக்குள் அடங்குகிறதா என்று நோக்குவதே உசிதம். கனம் குணமும் தோஷமுமாம். தடித்த அலகு கிளையைச் சீவுகையில் கைக்குத் தைரியம் தருமெனினும், கனிந்த பழத்தை அறுக்கையில் சதையை நசுக்கிவிடுமாதலால், முதுகில் தடித்து வாயில் மெலிந்ததே உத்தமம். மாங்காய்ப் புளிப்பில் சாதாரண எஃகு கறுப்பதும் குறையன்று. துடைத்து எண்ணெய் தடவினால் போதும். முன்னாளில் தகடூர் என வழங்கிய இச்சீமையை ஆண்ட அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், நெய் பூசி அலங்கரித்த ஆயுதங்களுக்கு எதிரே, முனை சிதைந்து கொல்லன் உலைக்களம் சேர்ந்தவற்றை நிறுத்திப் பாடிய புறநானூற்று 95-ஆம் பாட்டே கருவிகளை மதிப்பிடுவோருக்குப் பிரமாணம்.